கொழும்புக் குழாய்த் தண்ணீர்: ஊர்க் கேத்திலோடு வருகிறவர்களுக்கு

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து தெஹிவளைக்குக் குடிவந்தபோது அம்மா ஒரு கேத்திலையும் கையோடு கொண்டுவந்தார். வெளியே பளபளவென்று இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே நகக்கனத்துக்கு வெள்ளைக் கல். வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீர் வருடக்கணக்காக அதில் கொதித்ததால் வந்த சொத்து அது. வந்த முதல் கிழமையிலேயே தேத்தண்ணியில் வெள்ளைச் செதில்கள் மிதக்கத் தொடங்கின. "கொழும்புத் தண்ணியிலயும் கல்லுத்தான்" என்று அம்மா முடிவுகட்டிவிட்டார். உண்மையில் பஸ் குலுக்கலில் பெயர்ந்து விழுந்தது ஊர்க் கல். புதுக் கேத்தில் ஒன்று வாங்கினோம். பல வருடம் பாவித்த பிறகும் அதன் அடியில் விரலால் தடவினால் வழுவழுப்புத்தான்.

வடக்கிலிருந்து கொழும்புக்கும் அதன் சுற்றுப்புறங்களுக்கும் வருகிறவர்கள் தண்ணீரைப் பற்றிய ஊர்ப் பயத்தையும் சேர்த்தே கட்டிக்கொண்டு வருகிறார்கள். முதல் மாதமே வடிகட்டி விற்பவர் வந்து கதவைத் தட்டுவார், நாமும் பேசாமல் காசைக் கொடுத்துவிடுவோம். கொழும்பில் கவனிக்க வேண்டியது கல் அல்ல. நீர் வழங்கல் சபையின் மீற்றரைத் தாண்டியபின் தண்ணீர் உங்கள் குழாய்வாய்க்கு வந்துசேரும் அந்த ஐம்பது அடிதான்.

ஏன் இங்கே கல் படிவதில்லை

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு கொஞ்சம் அமிலமாகிறது. போகிற வழியில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. அதைக் கொதிக்கவைத்தால் கரைந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகிப் பாத்திரத்தில் ஒட்டுகிறது. இதைத்தான் பாடசாலையில் நீரின் வன்மை என்று படித்தோம். கடினத்தன்மை என்றாலும் அதுதான்.

கொழும்பின் தண்ணீர் பெரும்பாலும் களனி கங்கையிலிருந்து வருகிறது. சிவனொளிபாதமலைப் பக்கத்து மலைகளில் பெய்யும் மழை, எளிதில் கரையாத பழைய பாறைகளின் மேல் ஓடி வருகிறது. கரைக்க வழியில் சுண்ணாம்பு இல்லை. அம்பத்தளையிலும் பியகமவிலும் அதை எடுத்து, படிகாரம் போட்டுக் கலங்கலைத் திரட்டி அடியில் படியவிட்டு, மணல் படுக்கையில் வடித்து, குளோரீன் சேர்த்து அனுப்புகிறார்கள். இதைவிட லபுகம, களட்டுவாவ என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் காட்டுக்குள் இருக்கின்றன. லபுகமவிலிருந்து கொழும்புக்குத் தண்ணீர் வரத் தொடங்கியது 1886 இல். தெற்கே பாணந்துறை, ஹொரணைப் பக்கம் போனால் களுகங்கைத் தண்ணீர். எல்லாமே மென்னீர்தான்.

அளவுக்கணக்கில் சொன்னால், ஒரு லீற்றரில் கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்ட வன்மை 60 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் மென்னீர். 180 ஐத் தாண்டினால் மிகவும் வன்மையானது. இலங்கையின் குடிநீர்த் தரநிர்ணயமான எஸ்.எல்.எஸ். 614 அனுமதிக்கும் உச்சம் 250. யாழ்ப்பாணத்தில் பல கிணறுகள் இந்த எல்லையை முட்டுகின்றன, சில தாண்டுகின்றன. களனித் தண்ணீர் முதல் வகுப்பிலேயே நின்றுவிடுகிறது.

முதல் நாளே வீட்டில் செய்து பார்க்கக்கூடியது

ஒரு வெறும் தண்ணீர்ப் போத்தலை எடுங்கள். பாதிக்குக் குழாய்த் தண்ணீர் பிடித்து, கட்டிச் சவர்க்காரத்தில் நகமளவு சீவிப்போட்டு, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். மென்னீர் என்றால் நுரை மேலே எழும்பி நிற்கும், கீழே தண்ணீர் ஓரளவு தெளிவாகவே இருக்கும். வன்னீர் என்றால் நுரை வராது. திரைந்த பால் மாதிரி வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். சலவைத் தூளோ பாத்திரம் கழுவும் திரவமோ இதற்கு உதவாது, அவை எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும். கட்டிச் சவர்க்காரம்தான் வேண்டும்.

இரண்டாவது பரிசோதனை தேத்தண்ணி. பால் விடாமல் ஒரு பிளேன்ரீ ஊற்றி ஐந்து நிமிடம் அப்படியே வையுங்கள். ஊரில் அதன் மேல் எண்ணெய்ப் படலம் மாதிரி ஓர் ஆடை படியும், கோப்பையின் ஓரத்தில் பழுப்பு வளையம் விடும். அது சுண்ணாம்பின் வேலை. நல்ல குழாய்த் தண்ணீரில் தேத்தண்ணி செம்மஞ்சளாய்த் தெளிந்து நிற்கும். சாயம் மை மாதிரிக் கறுத்துப் போனால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். தேயிலையின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்தால் அப்படித்தான் கறுக்கும். இரும்பு கிணற்றிலிருந்து வரலாம், துருப்பிடித்த பழைய குழாயிலிருந்தும் வரலாம்.

இன்னொரு சின்ன விஷயம். வந்த புதிதில் குளித்துவிட்டு "சவர்க்காரம் போகவேயில்லை, வழுக்குது" என்று எல்லாரும் சொல்வார்கள். அது மென்னீரின் குணம், சவர்க்காரம் போய்விட்டது. ஊரில் போடுவதில் பாதி போட்டால் போதும். கொழும்புத் தண்ணீரில் முடி கொட்டுகிறது என்பதும் அடிக்கடி கேட்கிற முறைப்பாடு. எனக்கும் கொட்டியது. ஆனால் வயதை விட்டுவிட்டுத் தண்ணீரைக் குற்றம்சாட்ட எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் குழாயில் வருவது யாருடைய தண்ணீர்?

வீடு பார்க்கப் போகும்போது வாடகையைக் கேட்கிறோம், அட்வான்ஸைக் கேட்கிறோம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை. கேளுங்கள். வெள்ளவத்தை, தெஹிவளைத் தொடர்மாடிகளில் சபையின் தண்ணீர் நேராக உங்கள் சமையலறைக்கு வருவதில்லை. முதலில் நிலத்துக்குக் கீழே உள்ள தொட்டிக்குள், அதாவது சம்புக்குள் விழும். மோட்டர் அதை மொட்டைமாடித் தாங்கிக்கு ஏற்றும். அங்கிருந்துதான் உங்கள் வீட்டுக்கு இறங்கும். சில கட்டடங்களில் குழாய்க்கிணற்றுத் தண்ணீரையும் அதே தாங்கியில் சேர்க்கிறார்கள். தட்டுப்பாடு வந்தால் பவுசரில் வாங்கி ஊற்றுகிறார்கள். இதெல்லாம் குடியிருப்பவருக்குத் தெரியாது, காவலாளிக்குத் தெரியும். அவரோடு ஐந்து நிமிடம் கதைத்தால் எந்த ஆய்வுகூட அறிக்கையிலும் வராத விஷயம் வரும்.

தனி வீடு என்றால் மீற்றருக்குப் பக்கத்தில் முற்றத்தில் ஒரு குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக அது நேர் இணைப்பு. அந்தக் குழாயில் ஒரு கண்ணாடிக் கிளாஸ், சமையலறைக் குழாயில் ஒரு கண்ணாடிக் கிளாஸ் பிடித்து, வெள்ளைக் கடதாசியில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நிறத்தைப் பாருங்கள், மணந்து பாருங்கள். முற்றத்துக் குழாயில் மெல்லிய குளோரீன் மணமும் சமையலறையில் மணமே இல்லாமலும் இருந்தால், தாங்கியில் தண்ணீர் அதிக நேரம் கிடக்கிறது, கிருமியைத் தடுக்கிற குளோரீன் தீர்ந்துபோய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். குளோரீன் மணத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள்தான் அதிகம். மணம் கொஞ்சம் இருப்பதுதான் எனக்கு நிம்மதி.

எங்கள் இரண்டாவது வாடகை வீட்டில் தண்ணீரில் ஒரு பாசி மணம் இருந்தது. மாதக்கணக்காகச் சபையைத் திட்டிக்கொண்டிருந்தோம். ஒருநாள் பிளம்பர் வேறு வேலைக்கு வந்து சம்பு மூடியைத் தூக்கினார். மூடி வெடித்து, அதன் ஊடாக மழைத்தண்ணீர் முற்றத்து மண்ணோடு உள்ளே வடிந்துகொண்டிருந்தது. அடியில் நான்கு விரல் உயரத்துக்குச் சேறு. ஒரு செத்த பல்லி. வீட்டுக்காரர், "போன வருஷம்தானே கழுவினது" என்றார். எந்த வருடத்துக்குப் போன வருடம் என்று நாங்கள் கேட்கவில்லை.

தாங்கி கழுவுவது

ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று நாட்காட்டியில் குறித்துவையுங்கள். முதலில் மோட்டரின் மின்சாரத்தைப் பிரதான ஆளியிலேயே நிறுத்த வேண்டும், மோட்டர் சுவிட்சை மட்டும் தட்டிவிட்டு இறங்கக் கூடாது. சம்புக்குள் ஆள் இறங்குவதென்றால் மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாட விடுங்கள், மேலே ஒருவர் நிற்கட்டும். ஆழமான சம்பு என்றால் அந்த வேலை தெரிந்தவர்களிடமே விட்டுவிடுங்கள்.

தண்ணீரை வெளியேற்றி, சேற்றை அள்ளி, சுவரைத் தும்புத்தடியால் தேய்த்துக் கழுவி அந்தத் தண்ணீரையும் வெளியே விடுங்கள். பிறகு தாங்கியை நிரப்பிக் குளோரீன் போட வேண்டும். 1000 லீற்றர் தாங்கிக்கு, வாசனை சேர்க்காத 5 வீத குளோரீன் திரவம் 1 லீற்றர். கணக்குப் போட்டால் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரும். வீட்டின் ஒவ்வொரு குழாயையும் அந்த மணம் வரும்வரை திறந்துவிட்டு மூடுங்கள், குழாய்களும் சுத்தமாகும். ஒரு நாள் முழுக்க அப்படியே விட வேண்டும். அந்த நாள் அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கவோ குளிக்கவோ கூடாது. அடுத்த நாள் முழுவதையும் வெளியேற்றிப் புதிதாக நிரப்புங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இந்தத் திரவத்தோடு வினாகிரியோ மலசலகூடம் கழுவும் அமிலமோ சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

மூடி இறுக்கமாகப் பொருந்துகிறதா, வழிந்தோடும் குழாயின் வாயில் நுளம்பு வலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கீழே இறங்குங்கள். டெங்கு நுளம்பு தேடுவது தெளிந்த தண்ணீரைத்தான். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குடம்பியைக் கண்டால் வழக்கு உங்கள் பேரில். மீற்றர் இருக்கும் குழியையும் அவர் திறந்து பார்ப்பார்.

நீர்வெட்டு முடிந்த அடுத்த காலை

"கொழும்பு 1 முதல் 15 வரையும், தெஹிவளை, கல்கிசை, கோட்டே, கடுவெலைப் பகுதிகளிலும்" என்று செய்தியில் ஒரு பட்டியல் வாசிப்பார்கள். கொஞ்ச நாளில் உங்களுக்கும் மனப்பாடமாகிவிடும். திருத்த வேலை, அம்பத்தளையில் மின்தடை என்று காரணம் மாறும், பட்டியல் பெரிதாக மாறாது. முன்னாலேயே அறிவித்தால் மூடியுள்ள பாத்திரங்களில் பிடித்துவையுங்கள்.

தண்ணீர் திரும்பி வரும்போது பழுப்பாக வருவது சாதாரணம். காலியான குழாய்க்குள் தண்ணீர் வேகமாகப் புகும்போது பழைய இரும்புக் குழாய்களின் துரு கிளம்பிவிடும். நகரத்தில் நூறு வருடம் கடந்த குழாய்களும் இருந்தன, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வருகிறார்கள். அழுத்தம் இல்லாத நேரத்தில் குழாயின் வெடிப்பு வழியே வெளிநீர் உள்ளே போகவும் இடமுண்டு. அதனால் முதலில் வரும் தண்ணீரைத் தாங்கிக்கு ஏற்றாதீர்கள். தாங்கிக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, முற்றத்துக் குழாயைத் திறந்து, தெளியும்வரை செடிகளுக்கு விடுங்கள். வெள்ளைத் துணி தோய்ப்பதை அன்று தள்ளிப்போடுங்கள். என் பாடசாலைக் காலத்துச் சேர்ட் ஒன்று இப்படித்தான் ஒரே காலையில் கோப்பி நிறத்துக்குப் போனது.

வெண்மையாக, பால் மாதிரி வந்தால் பதற வேண்டாம். கிளாஸில் பிடித்து வைத்துப் பாருங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி.

கடும் வறட்சியில் உவர்ப்பும் ஒரு பிரச்சினையாக வருவதுண்டு. களனியில் நீர்மட்டம் இறங்கினால் கடல்நீர் ஆற்றோடு மேலேறி அம்பத்தளைப் பக்கம் வரப் பார்க்கும். அதைத் தடுக்க ஆற்றுக்குக் குறுக்கே மணல் மூட்டை அடுக்கிய காலங்கள் உண்டு.

கதவைத் தட்டும் வடிகட்டிக்காரர்

பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுப்பார். நான்கு உலோகக் குச்சிகள் அதில் நீட்டிக்கொண்டிருக்கும். உங்கள் குழாய்த் தண்ணீர் ஒரு கிளாஸ், அவருடைய வடிகட்டித் தண்ணீர் ஒரு கிளாஸ். மின்சாரம் கொடுத்தவுடன் உங்கள் கிளாஸில் செம்பழுப்புக் குழம்பு பொங்கும், பச்சையும் கறுப்புமாய்த் திரளும். அவருடையது கிட்டத்தட்டத் தெளிவாகவே நிற்கும். "இதைத்தான் பிள்ளைகள் குடிக்கிறார்கள்" என்பார்.

எங்கள் வீட்டில் இது நடந்தபோது நான் சமையலறைக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பைக் கொண்டுவந்து அவருடைய சுத்தமான கிளாஸில் போட்டுக் கலக்கினேன். இன்னொரு தரம் போடச் சொன்னேன். அதுவும் குழம்பாய்ப் போனது. விஷயம் இதுதான்: குச்சி இரும்பு. தண்ணீரில் ஏதாவது உப்புக் கரைந்திருந்தால் மின்சாரம் பாயும், இரும்பு கரைந்து துருவாகும். கரைந்தது ஒன்றும் இல்லாத தண்ணீரில் மின்சாரம் பாயாது. கிளாஸில் கண்ட அழுக்கு முழுக்க அவருடைய குச்சியிலிருந்து வந்தது. அவர் தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமலே போய்விட்டார்.

டி.டி.எஸ். மீற்றர் என்று பேனை மாதிரி ஒன்றையும் காட்டுவார்கள். கரைந்திருக்கும் மொத்தப் பொருளைக் கணக்கிடும் கருவி அது. எஸ்.எல்.எஸ். அனுமதிக்கும் உச்சம் லீற்றருக்கு 500 மில்லிகிராம், களனித் தண்ணீர் அதற்கு எவ்வளவோ கீழே. கிருமி இருக்கிறதா என்று அந்தப் பேனைக்குத் தெரியாது. செத்த பல்லி கிடந்த எங்கள் சம்புத் தண்ணீரும் அதில் நல்ல இலக்கம்தான் காட்டியிருக்கும்.

ஆக, சபைத் தண்ணீர் மட்டும் வருகிற வீட்டுக்கு வன்மை நீக்கி வேண்டாம், கரைந்த உப்புகளையும் மெல்லிய சவ்வால் வடித்தெடுக்கிற ஆர்.ஓ. இயந்திரமும் வேண்டாம் என்பது என் கருத்து. ஏற்கெனவே மென்மையான தண்ணீரை இன்னும் உறிஞ்சி எடுப்பதற்காக, குடிக்கும் ஒவ்வொரு லீற்றருக்கும் இரண்டு மூன்று லீற்றரை வாய்க்காலில் விட வேண்டியிருக்கும். துருவும் மணமும் தொல்லை என்றால், தூசு பிடிக்கும் வடியும் கரி வடியும் சேர்ந்த சின்ன வடிகட்டி ஒன்று சமையலறைக் குழாயில் போதும். தாங்கிக்கு முன்னால் கரி வடியைப் பூட்டாதீர்கள். அது குளோரீனை எடுத்துவிடும், தாங்கியில் தண்ணீர் காவலில்லாமல் கிடக்கும். வடியைக் காலத்துக்கு மாற்றாவிட்டால் அதுவே கிருமிக்கு வீடாகிவிடும்.

குடிப்பதற்கு நாங்கள் இன்றைக்கும் கொதிக்கவைத்த தண்ணீர்தான். குமிழி பொங்கித் துள்ளத் தொடங்கி ஒரு நிமிடம் போதும். அதே பாத்திரத்தில் மூடி ஆறவிட்டு, வாய் ஒடுங்கிய போத்தலில் ஊற்றிவையுங்கள். கைவிட்டு மொள்ளுகிற பாத்திரம் வேண்டாம். பெரிய போத்தல் தண்ணீர் வாங்குகிறவர்கள் எஸ்.எல்.எஸ். முத்திரையையும் சுகாதார அமைச்சின் பதிவிலக்கத்தையும் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் இறங்கும் அந்த இயந்திரத்தையும் எப்போதாவது கழுவுங்கள்.

கிணறு உள்ள வீடு

புறநகரில் இன்னும் நிறையக் கிணறுகள் உண்டு. இங்கே மண் செம்பூரான். தண்ணீர் மென்மைதான், ஆனால் அமிலப் பக்கம் சாய்ந்திருக்கும். பி.எச். 6.5 க்குக் கீழே போவது அரிதல்ல. அமிலத் தண்ணீர் செப்புக் குழாயைத் தின்னும், கைகழுவும் பேசினில் நீலப்பச்சைக் கறை விடும். வத்தளையில் முத்துராஜவெலச் சதுப்பை அண்டிய இடங்களில் பழுப்பும் இரும்பும், கடலை ஒட்டிய இடங்களில் உவர்ப்பும் எதிர்பாருங்கள். வெலிவேரிய, ரத்துபஸ்வல ஊர்கள் 2013 ஆகஸ்டில் தெருவுக்கு வந்ததும் கிணற்று நீரின் அமிலத்தன்மையை வைத்துத்தான். அங்கே இராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின.

இரும்பை எப்படிக் கண்டுபிடிப்பது? வாளியில் பிடிக்கும்போது தெளிவாக இருந்து, விடியும்போது செம்மஞ்சள் படிந்திருந்தால் இரும்புதான். காற்றுப் பட்டால் அது துருவாகி அடியில் இறங்கும். கறைக்குத் தேசிக்காய்ப் புளி நல்லது. குளோரீன் திரவம் போட்டால் கறை இன்னும் ஊறிப்போகும். கிணறு மலக்குழிக்குப் பக்கத்தில் இருந்தால், பார்க்க எவ்வளவு தெளிவென்றாலும் கொதிக்கவைக்காமல் வாயில் வைக்காதீர்கள்.

ஆய்வுகூடத்துக்குக் கொடுப்பதென்றால்

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களிலும் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்திலும் கட்டணத்துக்குப் பரிசோதித்துத் தருவார்கள். கிருமிப் பரிசோதனைக்குப் போத்தலை அவர்களிடமே வாங்குங்கள். உள்ளே குளோரீனை முறிக்கும் மருந்து கொஞ்சம் போட்டிருக்கும், அதைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள். குழாய்வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, சில நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்பக்கத்தில் கைபடாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணித்தியாலத்துக்குள் கொண்டுபோக வேண்டும். அறிக்கை வந்ததும் முதலில், மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் கிருமியான ஈ.கோலையின் வரியைப் பாருங்கள். 100 மில்லிலீற்றரில் பூச்சியம் இருக்க வேண்டும். பிறகு பி.எச். 6.5 இலிருந்து 8.5 வரை, லீற்றருக்கு இரும்பு 0.3 மில்லிகிராமுக்குள், நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்குள். வன்மை வரியைக் கடைசியில் பார்க்கலாம்.

பில், மீற்றர், முறைப்பாடு

பில்லில் ஓர் அலகு என்பது 1000 லீற்றர். அலகு கூடக்கூட விலையும் படிப்படியாக ஏறும், ஆகவே ஒழுக்கு இருந்தால் பில் பாயும். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தாங்கி நிரம்பிய பிறகு மீற்றரின் சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். சுற்றினால் எங்கேயோ ஒழுகுகிறது. மலசலகூடத் தொட்டியை முதலில் சந்தேகப்படுங்கள்.

மீற்றர் வரைக்கும் சபையின் பொறுப்பு, அதற்கு இப்பால் வீட்டுக்காரரின் பொறுப்பு. சபையின் இலக்கம் 1939. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு எடுங்கள், கணக்கிலக்கம் கேட்பார்கள். எடுப்பதற்கு முன் பக்கத்து வீட்டிலும் அப்படியா என்று மதிலால் எட்டிக் கேளுங்கள். அங்கே தெளிவாக வந்தால் 1939 க்கு வேலையில்லை, சம்பு மூடியைத் தூக்குங்கள்.